ஆண்டவரோடு எனக்குப் பேச்சில்லை

வாசகர் கேள்வி – பதில்

ஆண்டவர்மேல் வரும் கோபத்தைப் பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பெயர் வேண்டாம் என்று கேட்டவர்களே அதிகம் என்பதால் எல்லோருடைய பெயரையும் ஊரையும் விட்டுவிட்டோம். துக்க ஆலோசனைப் பணியில் இருப்பவர்களும் வேதபாட ஆசிரியர்களும் பதில் எழுதியிருக்கிறார்கள். வசனங்கள் சபைகளில் பழக்கமான பழைய மொழிபெயர்ப்பின்படி.

*

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. பைக் விபத்தில் போய்விட்டான். பதினொரு மாதம் ஆகிறது. கோயிலில் துதிப் பாட்டு ஆரம்பித்தாலே எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. மனதுக்குள் ஆண்டவரைத் திட்டியும் விட்டேன். இது மன்னிக்கப்படாத பாவமா?

பதில்: இல்லை அம்மா. அந்தப் பயத்தை முதலில் இறக்கி வைத்துவிடுங்கள். மாற்கு 3ஆம் அதிகாரத்தில் அந்த வார்த்தை யாரிடம் சொல்லப்பட்டது என்று பாருங்கள். இயேசு பிசாசுகளைத் துரத்தியதைக் கண்ணால் பார்த்துவிட்டும், "இவன் பெயெல்செபூலைக் கொண்டிருக்கிறான்" என்று, அதாவது பிசாசுகளின் தலைவனைக் கொண்டு துரத்துகிறான் என்று, மனதறிந்து சொன்ன வேதபாரகரிடம். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் கதறலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தப் பாவத்தைச் செய்துவிட்டோமோ என்று ராத்தூக்கம் இல்லாமல் தவிப்பவர் அதைச் செய்யாதவர் என்பதுதான் போதகர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் பதில்.

அடுத்து, கோபமே பாவமா என்பது. வேதத்தில் ஆண்டவரிடம் கோபமாகப் பேசியவர்களின் பட்டியல் நாம் நினைப்பதைவிட நீளம். "கர்த்தாவே, என்னை இணங்கப்பண்ணினீர், நான் இணங்கினேன்" என்று எரேமியா 20இல் சொல்வது, ஏமாற்றிவிட்டீரே என்ற குற்றச்சாட்டு. யோனாவோ "நான் மரணபரியந்தமும் எரிச்சலாயிருக்கிறது நல்லதுதான்" என்று நேருக்கு நேர் சொல்கிறான். யோபு 3ஆம் அதிகாரத்தில் ஆரம்பித்து 31 வரை விடுவதில்லை. கடைசியில் கர்த்தருக்குக் கோபம் மூண்டது யோபுவின்மேல் அல்ல, அவனுக்கு இறையியல் வகுப்பெடுத்த மூன்று நண்பர்கள்மேல். "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்று 42:7 சொல்கிறது.

தமிழில் படிக்கிற நமக்கு ஒரு சின்ன இடைஞ்சல் உண்டு. உடன்படிக்கைப் பெட்டியைத் தொட்ட ஊசா செத்து விழுந்தபோது "தாவீது விசனப்பட்டு" என்று 2 சாமுவேல் 6:8இல் வாசிக்கிறோம். மூலத்தில் இருப்பது எரிந்து மூளும் கோபத்துக்கான சொல். மொழிபெயர்ப்பில் கோபம் வருத்தமாகிவிட்டது. நம் சபைகளிலும் அதேதான் நடக்கிறது. கோபமாக வந்தவரை 'வருத்தமாக இருக்கிறார்' என்று சொல்லி உட்காரவைத்து விடுகிறோம்.

அந்தத் தாவீது என்ன செய்தான்? பெட்டியைத் தன்னிடம் கொண்டுவர மனமில்லாமல் ஓபேத்ஏதோம் வீட்டில் விட்டுவிட்டுப் போனான். மூன்று மாதம் அது அங்கேயே இருந்தது. பிறகு அவனே போய்க் கொண்டுவந்தான். ஆகவே நீங்களும் கொஞ்சம் தள்ளி நிற்கலாம். பாட்டு முடிந்தபின் உள்ளே போங்கள். கடைசி வரிசையில், வாசலுக்கு அருகே உட்காருங்கள். பாடமுடியாவிட்டால் பாடவேண்டாம், சுற்றி இருப்பவர்கள் பாடட்டும். "இப்போது என்னால் சாட்சி சொல்லவோ ஜெபிக்கவோ முடியாது, கேட்காதீர்கள்" என்று சபைப் போதகரான ஐயரிடம் முன்கூட்டியே ஒரு வரி சொல்லி வையுங்கள்.

இன்னும் ஒரு மாதத்தில் முதல் நினைவு நாள் வருகிறது. அந்த நாளைவிட அதற்கு முந்திய இரண்டு மூன்று வாரங்கள் மோசமாக இருக்கும் என்று பலர் சொல்கிறார்கள். கோபம் திரும்பவும் ஏறினால் பின்னடைவு என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். வீட்டில் ஜெபம் வைப்பதென்றால் வசனத்தையும் பாட்டையும் நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள், யார் பேசவேண்டும் என்பதையும்.

*

கேள்வி: ஒரே மாதிரி இழப்பு. ஒருவருக்கு ஆண்டவர்மேல் கோபம் வருகிறது, இன்னொருவருக்கு வருவதில்லை. ஏன்?

பதில்: அமெரிக்காவில் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஜூலி எக்ஸ்லைன் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்கிறார். அவரும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட முடிவுகளில் மூன்று காரணங்கள் முன்னே நிற்கின்றன. நடந்ததற்கு ஆண்டவரே பொறுப்பு என்று நினைப்பது. அவர் வேண்டுமென்றே, இரக்கமில்லாமல் செய்தார் என்று நினைப்பது. அதில் எந்த அர்த்தமும் கண்டுபிடிக்க முடியாமல் போவது. இந்த மூன்றும் சேரும் இடத்தில் கோபம் தங்கிவிடுகிறது. சாவு மட்டுமல்ல, நோய், குடும்பப் பிளவு, ஏமாற்றம் எதுவும் காரணமாகலாம். கோபப்படுகிறவர் அன்பை இழந்தவர் என்றும் இல்லை. இரண்டும் ஒரே மனதில் குடியிருக்கும்.

நம் ஊர்ச் சபைகளில் இதற்கு வேறு சில ஊற்றுகளும் உண்டு. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் கையில் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற எரேமியா 29:11 வருகிறது. ஃப்ரேம் போட்டு மாட்டுகிறோம். மார்ச்சில் வேலை போகிறது. 'எழுதிக் கொடுத்துவிட்டு ஏமாற்றிவிட்டார்' என்ற எண்ணம் வராமல் இருக்குமா? அட்டையில் இல்லாத முந்திய வசனத்தைப் படித்தால், அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன ஜனங்களுக்கு எழுதிய கடிதம் என்பதும், நிறைவேற 70 வருஷம் ஆகும் என்பதும் தெரியும். அந்தக் கடிதத்தை முதலில் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் திரும்பிவருவதைப் பார்த்திருக்க முடியாது. இங்கே கோபத்துக்குக் காரணம் அட்டையை அச்சிட்ட முறை, ஆண்டவர் அல்ல என்று சொல்லத் தோன்றுகிறது.

இன்னொன்று பக்கத்து வீடு. குடித்துக் கும்மாளமிடுகிறவன் வீடு கட்டுகிறான், உபவாசம் இருக்கிறவன் வாடகை கட்ட அலைகிறான். சங்கீதக்காரன் ஆசாப் 73ஆம் சங்கீதத்தில் "விருதாவாகவே" தன் இருதயத்தைச் சுத்தம்பண்ணினதாகப் புலம்புவது இதற்குத்தான்.

மூன்றாவது, மனிதர்கள். சபைத் தகராறில் அவமானப்பட்டவர், ஊழியக்காரரிடம் பணம் இழந்தவர், அப்பாவின் பெல்ட்டுக்குப் பயந்து வளர்ந்தவர். இவர்களுடைய கோபம் தப்பான விலாசத்துக்குப் போய்ச் சேர்ந்த கடிதம். அதைப் பிரித்து உரியவருக்கு அனுப்ப ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஆலோசகரோடு உட்காரவேண்டியிருக்கும்.

*

கேள்வி: கோபமாக இருக்கும்போது எப்படி ஜெபிப்பது? "ஸ்தோத்திரம்" என்று சொன்னால் பொய்யாக இருக்கிறது. பேசாமல் இருந்தால் குற்ற உணர்வாக இருக்கிறது.

பதில்: பொய் சொல்லவேண்டாம். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள்தான். அவை எதற்காக இருக்கின்றன? நம் வாயில் சொல் வராதபோது கடன் வாங்கிக்கொள்ள.

13ஆம் சங்கீதத்தை அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனம். முதல் சொல் "கர்த்தாவே". அதாவது யாரிடம் பேசுகிறோம் என்பது முதலிலேயே தீர்ந்துவிடுகிறது. அடுத்து முறையீடு. "எதுவரைக்கும்" என்று நான்கு முறை, இரண்டே வசனத்துக்குள். மூன்றாவது, கேட்பது: நோக்கிப்பாரும், செவிகொடுத்தருளும், கண்களைத் தெளிவாக்கும். பொத்தாம்பொதுவாக "ஆசீர்வதியும்" என்று இல்லை, மூன்று வேலை சொல்கிறார். நான்காவது, வாதாடுவது: நான் விழுந்தால் என் பகைஞன் சந்தோஷப்படுவானே, அது உமக்குச் சரியா? இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஐந்தாம் வசனத்தில் "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்".

பெரும்பாலோர் தவறுவது எங்கே என்றால், முதல் வசனத்திலிருந்து நேரே ஐந்துக்குத் தாவுவதில். நான்காம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் இடையில் ஒரு நிமிஷம் ஆனதா ஒரு வருஷம் ஆனதா என்று சங்கீதம் சொல்லவில்லை. உங்களுக்கு ஐந்து வராவிட்டால் நான்கோடு நிறுத்துங்கள். 88ஆம் சங்கீதம் ஐந்துக்கு வரவே இல்லை. மூலமொழியில் அதன் கடைசிச் சொல் "இருள்". அதையும் வேதத்துக்குள்தான் வைத்திருக்கிறார்கள்.

செய்யும் விதம் இது. ஒரு 40 பக்க நோட்டு, 15 அல்லது 20 நிமிஷம், பகல் வெளிச்சம். ராத்திரி படுக்கையில் வேண்டாம், தூக்கம் கெடும். எழுதியபின் வாய்விட்டு ஒருமுறை வாசியுங்கள். வீட்டில் ஆட்கள் இருந்தால் மொட்டை மாடிக்குப் போங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். போட்ட பத்து நிமிஷத்தில் வசனத்தோடு பதிலுக்கு ஆள் வந்துவிடுவார்.

எழுதியதைத் திரும்பப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். "ஆண்டவர் என்னைக் கைவிட்டுவிட்டார்" என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு, "ஆண்டவரே, என்னை ஏன் கைவிட்டீர்?" என்று மாற்றுங்கள். முதலாவது அவரைப் பற்றி ஊருக்குச் சொல்வது, இரண்டாவது அவரிடமே கேட்பது. இந்த ஒரு மாற்றத்தில் வேலையில் பாதி முடிந்துவிடுகிறது. பெரிய வெள்ளியன்று 12 மணி முதல் 3 மணி வரை ஏழு வார்த்தை தியானம் நடக்கிறதே, அதில் நான்காவது வார்த்தை இதே கேள்விதான். 22ஆம் சங்கீதத்திலிருந்து கடன் வாங்கிய வரி. சிலுவையில் தொங்கியவருக்கே சொந்தச் சொல் வராதபோது பழைய பாட்டு கைகொடுத்தது.

வாய்க்குச் சொல் சுத்தமாக வரவில்லை என்றால் இன்னொரு வழி. புலம்பல் புத்தகத்தின் முதல் நான்கு அதிகாரங்கள் எபிரெய அரிச்சுவடி வரிசையில் அமைந்தவை. 22 எழுத்து, எழுத்துக்கு ஒரு வசனம், மூன்றாம் அதிகாரத்தில் மட்டும் எழுத்துக்கு மூன்று. எருசலேம் எரிந்து கிடக்கும்போது ஒருவர் உட்கார்ந்து எழுத்து எண்ணியிருக்கிறார். நமக்கு 12 உயிரெழுத்து போதும். கணவரை ஆஸ்பத்திரியில் பறிகொடுத்த ஒருவர் எழுதினால் இப்படி இருக்கலாம்:

அட்மிட் பண்ணிய அன்றே உம்மிடம் சொன்னேன்.
ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்கால் போட்டேன்.
இரத்தம் கேட்டார்கள், ஆறு பேர் வந்து கொடுத்தார்கள்.
ஈரத் துண்டு இன்னும் கொடியில் கிடக்கிறது.
உமக்குக் கேட்கவில்லையா?
ஊரே ஜெபித்ததே.
எத்தனை பேரைச் சுகமாக்கினீர், இவரை ஏன் விட்டீர்?

ஏ, ஐ, ஒ, ஓ என்று போகும். எழுத்தைத் தேடும் வேலையில் மூளை ஈடுபடுவதால் ஒரே வாக்கியத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் மனம் அடுத்த அடி வைக்கிறது. "ஈரத் துண்டு" மாதிரியான ஒன்று, யோசித்து எழுதினால் வராது, எழுத்து இழுத்துக்கொண்டு வரும். 'ஔ'வில் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். விட்டுவிடுங்கள். புலம்பல் ஐந்தாம் அதிகாரத்திலும் 22 வசனம் உண்டு, ஆனால் அரிச்சுவடி வரிசை இல்லை. அழுது களைத்தவருக்கு அந்தச் சலுகை உண்டு.

ஓர் எச்சரிக்கை. அதே வாக்கியத்தை அதே சொல்லில் நாள்தோறும் எழுதிக்கொண்டே இருந்தால் புண் ஆறாது, தடிக்கும். ஒரு வாரம் ஆனதும் அடியில் ஒரு கோரிக்கை சேருங்கள், சின்னதாக, திட்டவட்டமாக: "இன்று அவருடைய பேங்க் பாஸ்புக்கை எடுக்கும்போது என் கை நடுங்காதிருக்கட்டும்." அந்த அளவு போதும்.

*

கேள்வி: வனாந்தரத்தில் முறுமுறுத்தவர்களைத் தேவன் தண்டித்தாரே? அப்படியானால் கோபம் தவறுதானே?

பதில்: எண்ணாகமம் 11ஐ ஒரே மூச்சில் படியுங்கள். ஜனங்கள் இறைச்சிக்காக அழுகிறார்கள், தங்கள் கூடாரவாசலில் நின்று, ஒருவரோடொருவர். கர்த்தருக்குக் கோபம் மூளுகிறது. அதே அதிகாரத்தில் மோசே, "இந்த ஜனங்களையெல்லாம் நானா கர்ப்பந்தரித்தேன்?" என்ற தோரணையில் கர்த்தரிடம் சண்டை பிடித்து, இப்படியே நடத்துவதானால் என்னைக் கொன்றுபோடும் என்கிறான். அவனுக்குத் தண்டனை இல்லை. பாரத்தைப் பங்குபோட 70 மூப்பர் கிடைத்தார்கள். மோசே பேசியது ஜனங்கள் பேசியதைவிடக் காரம். ஆனால் அவன் முகத்தைப் பார்த்துப் பேசினான். அவர்கள் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள்.

இப்படிச் சொல்வதால் முகத்துக்கு நேரே சொல்லும் எல்லாமே சரி என்று ஆகாது. எரேமியா 15இல் "நம்பப்படாத ஊற்றைப்போல" இருப்பீரோ என்று கேட்டவனுக்கு, திரும்பி வா என்ற கண்டிப்பும் அடுத்த வசனத்திலேயே கிடைக்கிறது. பேச்சு வார்த்தை என்றால் பதிலும் வரும்.

*

கேள்வி: நான் சபையில் பெண்கள் ஐக்கியத்தில் இருக்கிறேன். துக்க வீடுகளுக்குப் போகவேண்டியிருக்கிறது. "ஏன் இப்படிப் பண்ணினார்?" என்று கேட்கிறவர்களிடம் என்ன சொல்வது?

பதில்: என்ன சொல்லக்கூடாது என்பதிலிருந்து ஆரம்பிப்போம், அதுதான் அவசரம்.

"கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்." கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் முதலில் வரும் வசனம். யோபு அதைச் சொன்னது உண்மை. ஆனால் தன்னைப் பற்றி, தானே சொன்னான். இரண்டு அதிகாரம் தாண்டினால் பிறந்த நாளைச் சபிக்கிறான். அவன் வாயிலிருந்து வந்ததை அடுத்தவர் வாய்க்குள் நாம் திணிக்கக்கூடாது. "சகலமும் நன்மைக்கு ஏதுவாக" என்ற ரோமர் 8:28ம் அப்படியே. பத்து வருஷம் கழித்து அவரே சொல்லட்டும். "ஆண்டவருடைய தோட்டத்துக்கு நல்ல பூ வேண்டியிருந்தது" என்பதை அறவே விடுங்கள். மற்ற பூவெல்லாம் வேண்டாத பூவா என்று மீதிப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். "குடும்ப ஜெபம் குறைந்துபோனதால்தான்" என்று சொல்கிறவரைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்துவிடுங்கள். பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்று ஆண்டவரே அந்தக் கணக்கை மூடிவிட்டார்.

யோபுவின் நண்பர்கள் ஒரே ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தார்கள். ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" ஆனார்கள்.

"ஏன் பண்ணினார்?" என்று கேட்பவருக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. "தெரியலம்மா. எனக்கும் இது நியாயமாப் படல" என்று சொல்லலாம். விசுவாசம் குறைந்துவிடாது. சகோதரன் லாசரு இறந்தபோது மார்த்தாளும் மரியாளும் இயேசுவிடம் ஒருவர்பின் ஒருவராக "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்று அதே வாக்கியத்தைச் சொன்னார்கள். மார்த்தாளுக்குப் பேச்சு தேவைப்பட்டது, இயேசு அவளோடு பேசினார். மரியாளின் முன் கண்ணீர் விட்டார். ஆளுக்குத் தக்கபடிதான்.

எக்ஸ்லைன் ஆய்வுகளில் இதுவும் வருகிறது: தன் கோபத்தை வெளியே சொல்லி வாங்கிக்கட்டிக்கொண்டவர்கள் அதை உள்ளே அமுக்கிவிடும் வாய்ப்பு அதிகம். பரிவாகக் கேட்கப்பட்டவர்கள் ஆண்டவரிடம் திரும்பவும் நெருங்குகிறார்கள். ஆக, உங்கள் முகச்சுளிப்புக்குக்கூடக் கனம் உண்டு.

ஒப்பாரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. "கடவுளே, உனக்குக் கண்ணில்லையா" என்று மாரில் அடித்துக்கொண்டு கேட்கும் வழக்கம் நம் பாட்டிகளிடம் இருந்தது. கிறிஸ்தவர் அப்படி அழக்கூடாது என்று பல சபைகளில் நிறுத்திவிட்டார்கள். காட்டும் வசனம் 1 தெசலோனிக்கேயர் 4:13. அது "நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போல" துக்கிக்காதபடிக்கு என்கிறதே தவிர, துக்கிக்காதே என்று சொல்லவில்லை. ஒப்பாரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கீபோர்டும் மைக்கும் வைத்ததில் கோபத்துக்கு வடிகால் போய்விட்டது. யாராவது குரலெடுத்து அழ ஆரம்பித்தால் உடனே பாட்டு எடுக்காதீர்கள்.

கடைசியாக, தேதி. அடக்கம் முடிந்த வாரம் வீடு நிரம்பி வழியும். கோபம் வெளியே வருவது பெரும்பாலும் சாமியானாவைக் கழற்றி, சொந்தக்காரர்கள் ஊருக்குப் போன பிறகு. ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், முதல் கிறிஸ்துமஸ் என்று காலண்டரில் குறித்துவைத்துப் போங்கள். கையில் இட்லியோ மீன் குழம்போ இருக்கட்டும். வசன அட்டை வேண்டாம்.

*

கேள்வி: 2004 சுனாமியில் வேளாங்கண்ணிப் பேராலயம் தப்பியதை அற்புதம் என்று இன்றும் சொல்கிறார்கள். அங்கே கடற்கரையில் என் சித்தி குடும்பம் போய்விட்டது. கேட்கும்போதெல்லாம் ஆத்திரமாக வருகிறது.

பதில்: வரத்தான் செய்யும். அன்று கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. கடற்கரையில் இருந்தவர்களில் பலர் அதே மாதாவைத் தேடி வந்த யாத்திரிகர்கள். கட்டடம் நின்றதை அற்புதம் என்று கொண்டாடினால், வந்தவர்கள் போனதை என்னவென்று சொல்வது என்ற கேள்வி அங்கேயே நிற்கிறது. சொல்கிறவர்கள் அந்த இரண்டாவது பாதியை யோசிப்பதில்லை.

லூக்கா 13இல் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைப் பற்றி இயேசு பேசுகிறார். செத்தவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று எண்ணுகிறீர்களா, அல்ல என்கிறார். தப்பியவர்களுக்கும் அது பொருந்தும். அவர்கள் அதிகப் புண்ணியம் செய்ததாலும் அல்ல. அடுத்தமுறை யாராவது சொன்னால், "எங்க சித்தியும் மாதாவைப் பாக்கத்தான் வந்தாங்க" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். வாதம் வேண்டாம்.

*

கேள்வி: 9 வயது மகள், பாட்டி செத்ததிலிருந்து "ஜீசஸ் பேட்" என்கிறாள். அடிக்கலாமா, விடலாமா?

பதில்: அடிக்காதீர்கள். "பாட்டிக்குச் சுகம் கொடுக்கச் சொல்லி நீ கேட்டாய், கொடுக்கவில்லை, அதனால் கோபம், அப்படித்தானே?" என்று அவள் நினைப்பைச் சொல்லாக்கிக் கொடுங்கள். தான் சரியாக ஜெபிக்காததால்தான் பாட்டி செத்தார் என்ற எண்ணம் அவளுக்குள் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். இந்த வயதில் அது சகஜம், தானாகச் சொல்லமாட்டார்கள். "தூங்கிவிட்டார்" என்று சொல்லியிருந்தால் திருத்திச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் படுக்கைக்குப் போகவே பயப்படுவாள். ஜீசஸுக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லலாம், படம் வரையச் சொல்லலாம். எழுத்துப் பிழை திருத்தவேண்டாம்.

*

கேள்வி: தம்பி இரண்டு வருஷமாக ஆண்டவர்மேல் கோபம் என்று வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை. "என்னையும் எடுத்துக்கொள்ளட்டும்" என்கிறான். உபவாசக் கூட்டத்துக்குக் கூட்டிப்போகலாமா?

பதில்: முதலில் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், இந்த வாரமே. ஊரில் இல்லாவிட்டால் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். 14416 என்ற அரசின் இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். சாக நினைக்கிறாயா என்று அவனிடமே நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் புதிதாக வந்துவிடாது. பூச்சிமருந்து, மாத்திரைப் பட்டை எதையும் கைக்கெட்டும் இடத்தில் வைக்காதீர்கள். அவனைத் தனியே விடாதீர்கள்.

சாப்பிடாமல் கிடப்பவனை உபவாசத்துக்குக் கூட்டிப்போவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. சூரைச்செடியின் கீழே "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று படுத்த எலியாவுக்கு ஆண்டவர் முதலில் அனுப்பியது பிரசங்கம் அல்ல, தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். தூங்கவிட்டு, எழுப்பி, இரண்டாம் முறையும் சாப்பிட வைத்த பிறகுதான் ஓரேப் மலையில் பேச்சு.

*

கேள்வி: அம்மா பிழைத்தால் 25,000 ரூபாய் காணிக்கை செலுத்துவதாகப் பொருத்தனை பண்ணினேன். அம்மா இறந்துவிட்டார். கோபத்தில் கொடுக்கவில்லை. "பொருத்தனையைச் செலுத்தாவிட்டால் சாபம்" என்று ஒரு ஊழியக்காரர் சொல்கிறார்.

பதில்: பிரசங்கி 5:4 பொருத்தனையைச் செலுத்தத் தாமதியாதே என்கிறது, உண்மை. ஆனால் நீங்கள் பண்ணியது நிபந்தனையோடு. ஆதியாகமம் 28இல் யாக்கோபு பண்ணியதும் அந்த வகைதான்: தேவன் என்னோடே இருந்து, உண்ண ஆகாரமும் உடுக்க வஸ்திரமும் தந்து, சமாதானத்தோடே வீட்டுக்குத் திரும்பிவரப் பண்ணினால், அப்போது தசமபாகம். நிபந்தனை நிறைவேறாத இடத்தில் கடன் இல்லை. சாபம் என்பது அந்த ஊழியக்காரருடைய சொந்தச் சரக்கு.

உங்களுக்கு உறுத்துகிறது என்றால் சபை ஐயரிடமோ, கத்தோலிக்கர் என்றால் பங்குத்தந்தையிடமோ ஒருமுறை மனம்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள். தாங்கள் செய்த நேர்ச்சையிலிருந்து ஒருவரை விடுவிக்கக் கத்தோலிக்கத் திருச்சபையில் முறையே இருக்கிறது. பணத்தைப் பற்றி இப்போது முடிவு எடுக்கவேண்டாம். ஆஸ்பத்திரிக் கடன் பாக்கி இருந்தால் அதை முதலில் அடையுங்கள்.